நாற்பது நிமிடம் கையெடுக்காமல்

…கொஞ்சம் கூடினால் பாதத்துக்கு ரத்தம் போகாது, கொஞ்சம் குறைந்தால் இங்கே பீறிடும், இரண்டுக்கும் நடுவில் ஓர் அழுத்தம் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துவிட்டேன், இனி அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான், நாற்பது நிமிடம், சுவர்க் கடிகாரத்தில் இப்போது பதினொன்று பத்து, அப்படியென்றால் பதினொன்று ஐம்பது வரை இந்தக் கட்டிலை விட்டு, இந்த அம்மாவின் வலது தொடையிடுக்கை விட்டு நான் எங்கேயும் போக முடியாது, யார் கூப்பிட்டாலும் சரி… எத்தனை நாளாயிற்று இப்படி யாரும் கூப்பிட முடியாத நாற்பது நிமிடம் எனக்குக் கிடைத்து? மூன்று நாளாக இவருடைய இதயத்துக்குள் உட்கார்ந்து ரத்தத்தை இறைத்துக்கொண்டிருந்த பம்பை இப்போதுதான் வெளியே உருவினேன், அதோ நீலத் துணி விரித்த தட்டில் கிடக்கிறது, நீளமான வால், நுனியில் கட்டைவிரல் நீளத்துக்கு மெல்லிய ஒரு உலோகத் துண்டு, அதற்குள்ளே ஒரு பொடிச் சுழலி, அவ்வளவுதான், பார்த்தால் ஏதோ பொம்மையிலிருந்து கழன்று விழுந்தது போல இருக்கிறது. அது போன வழியை இப்போது என் மூன்று விரல்கள் அடைத்திருக்கின்றன. விரல்களுக்குக் கீழே தமனி துள்ளுகிறது, ஒன்று, ஒன்று, ஒன்று… சனிக்கிழமை இந்தத் துள்ளல் இல்லை, பம்பு ஓடிய முதல் நாள் முழுக்க இல்லவே இல்லை, குழாயில் தண்ணீர் போவது போல ஒரே சீராய்ப் போய்க்கொண்டிருந்தது, இதயம் சும்மா படுத்திருந்தது, நான்தான் படுத்துக்கொள் என்று சொல்லியிருந்தேன். இப்போது எழுந்து அதன் வேலையை அதுவே பார்க்கிறது. கால்மாட்டில் நர்ஸ் ஒரு சின்னக் கருவியைப் பாதத்தின் மேல் வைத்து நாடியின் சத்தத்தைக் கேட்கிறாள், ஷுஷ், ஷுஷ் என்று அறை முழுக்கக் கேட்கிறது. வருது மேடம் என்கிறாள். எனக்கும் கேட்கிறது, இருந்தாலும் அவள் சொல்லிக் கேட்க நன்றாக இருக்கிறது.

சனிக்கிழமை பகலில் இவர் நடந்தே வந்தார் என்று இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்… கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு, செருப்பை எங்கே விடட்டும் என்று கேட்டுக்கொண்டே அவசரப் பிரிவுக்குள் வந்தார். திரைச்சீலை தைப்பவர், ஏதோ ஒரு விடுதிக்கு முப்பத்திரண்டு ஜன்னலுக்குத் திரை தைத்துத் தர வேண்டியிருந்ததாம், வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்தே தாடை வலியும் குமட்டலும், வாயு என்று நினைத்து சோடா குடித்துவிட்டு ஓரம் மடித்துக்கொண்டே இருந்திருக்கிறார், இருபத்தொன்பது ஜன்னல் வரைக்கும். ஒரு பெண் தாடை வலிக்கிறது என்றால் பல் டாக்டரைத்தான் நினைப்பாள், இதயத்தை யார் நினைக்கிறார்கள்? ஈசிஜி எடுத்த தாளில் இதயத்தின் முன்பக்கம் முழுவதும் மாரடைப்பு, ரத்த அழுத்தம் எண்பது, கையைத் தொட்டால் முழங்கை வரை சில்லென்று, வேர்த்து, ஈரமாக. ஆனால் பேசினார், அதுதான் எல்லாரையும் ஏமாற்றுவது, பேசுகிற ஆள் நன்றாக இருக்கிறார் என்று நம்முடைய காது முந்திக்கொண்டு முடிவு கட்டிவிடுகிறது. உறுப்புகளுக்கு ரத்தம் பற்றாமல் போனால் லாக்டேட் ஏறும், இரண்டுக்குள் இருக்க வேண்டியது இவருக்கு ஐந்தைத் தாண்டியிருந்தது. இதயம் தளர்ந்து, உடம்புக்கு வேண்டியதை இறைக்க முடியாமல் போகிற இந்த நிலையைத்தான் நாங்கள் ஷாக் என்போம், அதன் வாசற்படியில் நின்றுகொண்டு இவர் எங்களிடம் செருப்பைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முதலில் பம்பு, அப்புறம் அடைப்பு என்று நான் சொன்னதும் பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். எங்கள் துறைத் தலைவரை எல்லாரும் பெரியவர் என்றுதான் சொல்வோம், முகத்துக்கு நேரே சார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். அடைப்பைத் திறந்துவிட்டு, மருந்தை ஏற்றிப் பார்த்து, சாயங்காலமும் சரியாகவில்லை என்றால் அப்போது பம்பு போடலாம் என்றார், பம்பு ஒன்றும் சும்மா இல்லை, ரத்தம் கசியும், சிவப்பணுக்கள் உடையும், கால் செத்துப்போகும், அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை, எல்லாவற்றையும் நானே பார்த்திருக்கிறேன். ஆனால் சாயங்காலம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அந்த நீச்சல் வாத்தியார் ஞாபகம் வந்துவிட்டார்… ஏழு வருடம் இருக்குமா? அவரும் இப்படித்தான், பேசிக்கொண்டே வந்தார், குளத்தில் யாரோ முழுகுகிறார்கள் என்று நினைத்துக் குதித்தேன், முழுகினது நான்தான் என்று சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். ஒரு மருந்து, போதவில்லை, இரண்டாவது, அதன் மேல் மூன்றாவது, பொறுத்துப் பார்க்கலாம், இன்னும் ஒரு மணி நேரம், இன்னும் ஒரு மணி நேரம். தளர்ந்த மாட்டைச் சாட்டையால் அடித்து வண்டி இழுக்கவைப்பது போலத்தான் அந்த மருந்துகள், இழுக்கும், ஆனால் எத்தனை தூரம்? பதினான்காவது மணி நேரத்தில் பம்பு போட்டோம். பிரமாதமாக ஓடியது. திரையில் எல்லா எண்ணும் அழகாக வந்தது, சிறுநீரகமும் கல்லீரலும் அதற்குள் கதவைச் சாத்திவிட்டிருந்தன. இரண்டு நாள் கழித்து அவருடைய மனைவி என்னிடம், மெஷின் நல்லா ஓடுதுன்னுதானே சொன்னீங்க என்று கேட்டார். ஆமாம், மெஷின் நன்றாகத்தான் ஓடியது, ஆள்தான் இல்லை… இதையெல்லாம் பெரியவரிடம் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. இப்பவே போடணும் சார் என்றேன். அவர் தடுக்கவில்லை, அன்றைக்கு டியூட்டி என்னுடையது, முடிவெடுக்கும் அதிகாரம் எனக்குத்தான் என்று அவருக்கும் தெரியும், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஒன்று மட்டும் சொன்னார்.

“கால் போச்சுன்னா, அந்த வீட்டுக்காரர்கிட்ட நீதான் சொல்லணும்.”

அந்த வீட்டுக்காரர் பூட்டுக்காரர். பூட்டு மாற்றுவது, சாவி தொலைந்தால் திறந்து கொடுப்பது, அதுதான் தொழில், சட்டைப் பையில் மெல்லிய கம்பிகள் வரிசையாக நின்றன, கையெழுத்துப் போடப் பேனா கேட்டபோது முதலில் ஒரு கம்பியை எடுத்து நீட்டினார், பாவம். அவருக்கு விளக்க எனக்கு நான்கு நிமிடம் இருந்தது. தொடையிடுக்கில் உள்ள ரத்தக்குழாய் வழியாக உள்ளே போவோம், மேலே ஏறி, இதயத்தின் வால்வைத் தாண்டி, இடது அறைக்குள் பம்பை நிறுத்துவோம், அது ரத்தத்தை அங்கிருந்து உறிஞ்சிப் பெரிய குழாயில் தள்ளிவிடும், இதயம் கொஞ்சம் உட்கார்ந்துகொள்ளும், அந்த நேரத்தில் அடைப்பைத் திறப்போம் என்றேன். எந்த உறவுக்காரரும் கேட்காத கேள்வியெல்லாம் கேட்டார், என்ன பருமன் என்றார். பென்சிலைவிட மெல்லிசு, ரீஃபிலைவிடப் பருமன். அந்தக் குழாய் என்ன பருமன்? சிலருக்கு சுண்டுவிரல் அளவு, பெண்களுக்கு இன்னும் சின்னதாக இருக்கும். அப்ப இறுக்கமா இருக்குமே, கீழே ரத்தம் எப்படிப் போகும்? பெரியவர் சொன்ன அதே இடத்துக்கு இந்த மனிதர் தொழில் அறிவை வைத்தே வந்துவிட்டாரே… போகாமலும் இருக்கலாம், கால் கெட்டுப்போகவும் வாய்ப்பு இருக்கு, நாங்க மணிக்கு மணி பார்ப்போம் என்றேன், மறைக்கவில்லை. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவ கால்ல மிதிக்கிற மெஷின்லதான் தைப்பா டாக்டர் என்றார். உள்ளே போய்விட்டேன்.

பதினொன்று இருபத்திரண்டு. மூக்கின் நுனியில் ஓர் அரிப்பு, சரியாக இரண்டு கையும் மாட்டிக்கொண்டிருக்கும்போதுதான் மூக்கு அரிக்கும், தோளில் தேய்த்துக்கொள்ளலாம் என்று சாய்ந்தேன், அந்த ஒரு நொடியில் விரல் நகர்ந்து, சூடாக ஏதோ கையுறையை நனைத்தது. மேடம் என்றாள் நர்ஸ். பார்த்துட்டேன், பஞ்சு வை என்றேன், அரை விரற்கடை மேலே ஏறி அழுத்தியதும் நின்றுவிட்டது, ஆனால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. மூக்கு அரித்ததற்குப் பன்னிரண்டு நிமிட அபராதம். நர்ஸ் வந்து என் மூக்கைப் பஞ்சால் தேய்த்துவிட்டுப் போனாள், பதினோரு வருடம் சேர்ந்து வேலை பார்த்தால் இதெல்லாம் சொல்லாமலே நடக்கும். கட்டிலில் அந்த அம்மா கூரையைப் பார்க்கவில்லை, பக்கத்துக் கட்டிலை மறைக்கிற திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார், வெகு நேரமாக. வலிக்குதாம்மா என்றேன். வலி இல்லை டாக்டர், இந்தத் திரையை யார் தைச்சதுன்னு தெரியணும், மடிப்பு ஒண்ணுக்கொண்ணு சேரலை, மூணு நாளா கண்ணை உறுத்துது என்றார். மூன்று நாளா? அதில் ஒன்றரை நாள் நாங்கள் கொடுத்த மயக்க மருந்தில் கிடந்தார், அந்த மயக்கத்திலும் மடிப்பை எண்ணிக்கொண்டிருந்தாரோ என்னவோ. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் கை ஆடும், உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிரிப்பு வரவில்லை. ஏழு மணிக்குப் பாதம் சில்லிட்டுவிட்டது என்று நர்ஸ் கூப்பிட்டாள், ஓடி வந்து பார்த்தால் வலது கால் விரல்கள் ஐந்தும் மெழுகு நிறம், சுண்டுவிரல் லேசாக நீலம், கருவியை எங்கே வைத்தாலும் சத்தம் இல்லை, வெறும் இரைச்சல். பம்பை எடுத்தால் கால் பிழைக்கும், இதயம்? லாக்டேட் அப்போதுதான் இரண்டுக்கு இறங்கியிருந்தது, சிறுநீர் பையில் தெளிவாக இறங்க ஆரம்பித்திருந்தது, இன்னும் இரண்டு நாள் இதயம் படுத்திருக்க வேண்டும். பெரியவர் சொன்ன வாக்கியம் காதுக்குள் அப்படியே… கூடவே பூட்டுக்காரர் சொன்னது, மிதிக்கிற மெஷின்லதான் தைப்பா. அப்புறம் பம்பின் குழாய்க்குக் கீழே ஒரு சின்னக் குழாயைச் செருகி, அதன் வழியாகக் காலுக்கு மட்டும் ரத்தத்தைத் திருப்பிவிட்டோம், மூன்று முறை ஊசி வழுக்கியது, நான்காவது முறை போயிற்று. நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக் கால்மாட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சுண்டுவிரல் நீலத்திலிருந்து சாம்பலாகி, சாம்பலிலிருந்து ஒரு மாதிரி ரோஜாவாகி, ஒருவருடைய கால் விரலை இவ்வளவு பிரியமாக வேறு யாராவது பார்த்திருப்பார்களா… நேற்று வீட்டில் நன்றாகத் தூங்கினேன், காலையில் என் வீட்டுக்காரர் சொல்கிறார், ராத்திரி பூரா என் கால் விரலை ஏன் பிடிச்சுக்கிட்டிருந்த என்று.

பதினொன்று நாற்பது. பெரியவர் வந்துவிட்டார், கதவருகே நின்று என் கையைப் பார்த்தார், பம்பு கிடந்த தட்டைப் பார்த்தார், நேரே கால்மாட்டுக்குப் போய்க் குனிந்து தன் கையாலேயே பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். சூடா இருக்கு, நல்லது என்றார். அந்த நல்லதில் குறை ஒன்றும் இல்லை, மனதாரத்தான் சொன்னார். காலையில் எடுத்த ஸ்கேனில் இதயம் எவ்வளவு சுருங்குகிறது என்று கேட்டார், சனிக்கிழமை பதினைந்து சதவீதம் இன்றைக்கு முப்பத்தெட்டு என்றேன். தலையாட்டினார். என் பக்கம் வந்து, தள்ளு, கொஞ்ச நேரம் நான் பிடிக்கிறேன் என்றார், வேண்டாம் சார், இடம் பழகிடுச்சு என்றேன். போவார் என்று நினைத்தேன், போகவில்லை, கண்ணாடியைக் கழற்றினார்.

“அடைப்பைத் திறந்ததுலயும் மருந்துலயுமே தேறியிருக்கலாம். அப்படி நினைச்சுப் பார்த்தியா?”

“இருக்கலாம் சார்.”

“உனக்கு அது உறுத்தலையா?”

கேட்டுவிட்டு அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார், குத்திக்காட்டக் கேட்டதாகத் தோன்றவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போலத்தான் இருந்தது. உறுத்துகிறதா? விரலுக்குக் கீழே தமனி துள்ளிக்கொண்டே இருக்கிறது, அதற்கு எதைப் பற்றியும் கவலை இல்லை… ஆராய்ச்சிக் கட்டுரைகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன, சரியான ஆளுக்கு ஆரம்பத்திலேயே போட்டால் பிழைக்கிறார்கள் என்று ஒன்று, எல்லாருக்கும் போட்டால் லாபம் ஒன்றும் இல்லை, கால்தான் போகிறது என்று இன்னொன்று. யார் சரியான ஆள்? இவர்தானா? இவரையே இன்னொரு தடவை சனிக்கிழமை பகலுக்குக் கூட்டிக்கொண்டு போய், பம்பு போடாமல் விட்டுப் பார்த்தால்தான் தெரியும், அது யாராலும் ஆகாத காரியம். யோசித்தால் விசித்திரமாக இருக்கிறது, தாமதமாகப் போட்டு இழந்தவரைப் பற்றித்தான் தாமதம் என்று உறுதியாகச் சொல்லிக்கொள்கிறேன், நேரத்தோடு போட்டு வீட்டுக்குப் போனவர்கள் ஒருவரைப் பற்றியும் என்னால்தான் என்று சொல்லிக்கொள்ள முடியாது. முன்பெல்லாம் இந்த இடத்துக்கு வந்தால் மனது அடித்துக்கொள்ளும். இன்றைக்கு இல்லை. இன்றைக்கு, சொல்லப்போனால், நன்றாகவே இருக்கிறது.

டாக்டர் என்று மெதுவாகக் கூப்பிட்டார் அந்த அம்மா. திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார், அவருக்கு மேலேயே நின்றுகொண்டு பேசியிருக்கிறோமே, காது கேட்காதா என்ன, எனக்கு முகம் சூடாயிற்று.

“அவர் என்னைப் பத்தித்தானே சொன்னார்?”

“ஆமாம்மா.”

“அப்ப இது தேவையில்லாம போட்டதா?”

தேவைதாம்மா என்று சொல்லிவிடலாம், நாக்கு நுனி வரை வந்தது, அதைச் சொன்னால் அவருக்கும் நிம்மதி எனக்கும் நிம்மதி. எனக்குத் தெரியலைம்மா, தேவைன்னு நினைச்சுப் போட்டேன், இப்பவும் அப்படித்தான் நினைக்கிறேன், ஆனா நிச்சயமாத் தெரியாது என்றேன். கோபப்படுகிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன், வாயோரம் ஏதோ நெளிந்தது, சிரிப்புதான்.

“எங்க வீட்டுக்காரர் ஊர்ல பாதி வீட்டுக்குப் பூட்டுப் போட்டிருக்கார். அந்த வீட்டுல எல்லாம் திருட்டே போனதில்லைன்னு பெருமை பேசுவார். திருடன் அந்தத் தெருப்பக்கம் வந்தானான்னு நான் கேட்பேன். அன்னைக்கு பூரா பேச மாட்டார்.”

கால்மாட்டில் நர்ஸ் பக்கென்று சிரித்துவிட்டாள், கருவி நழுவி ஷுஷ் நின்று மறுபடி வந்தது. நான் சிரிக்கவில்லை, சிரிக்கக் கூடாது, மறுபடி முதலிலிருந்து என்றால் என் விரல்கள் தாங்காது. இந்தப் பெண்மணி மூன்று ஜன்னல் பாக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறார், அதைத் தைத்து முடிப்பார், காலால் மிதிக்கிற மெஷினில், அது போதாதா? எதனால் என்று தெரியாவிட்டால் என்ன, மெஷின் ஓடும். வெளியே பூட்டுக்காரர் காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கிறார், உட்காரச் சொன்னால் உட்கார மாட்டேன் என்கிறார், வராந்தா அலமாரியின் பூட்டு ஒன்று சரியில்லை என்று சொல்லி அதைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்ததாக நர்ஸ் சொன்னாள், செய்யட்டும், கைக்கு வேலை இருந்தால்தான் காத்திருக்க முடியும், எனக்குத் தெரியாதா.

பன்னிரண்டு இரண்டு. மெல்ல, ஒவ்வொரு விரலாக, சுவாசத்தைப் பிடித்துக்கொண்டு கையைத் தூக்கினேன். காய்ந்த ஒரு புள்ளி, அதைச் சுற்றிச் சிவந்த தோல், அவ்வளவுதான். காத்திருந்தேன், எதுவும் வரவில்லை. நர்ஸ் கட்டுப் போட்டாள். ஆறு மணி நேரம் அந்தக் காலை மடக்கக் கூடாதும்மா என்றேன், கையை எடுத்துட்டீங்களா, இன்னும் இருக்கிற மாதிரியே இருக்கே என்றார் அவர். முதுகை நிமிர்த்தினேன், சொடுக்கென்றது, என்ன ஒரு சுகம்… பூட்டுக்காரரிடம் போய்ச் சொல்ல வேண்டும், கால் இருக்கு என்று முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும், என்று நினைத்துக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவசரப் பிரிவிலிருந்து போன், நர்ஸ் என் காதில் வைத்துப் பிடித்தாள். ஐம்பத்தெட்டு வயதாம், காலையிலிருந்து நெஞ்சு பாரமாம், ஈசிஜியில் முன்பக்க மாரடைப்பு, அழுத்தம் எண்பத்தைந்து, ஆனா நல்லாப் பேசறார் மேடம் என்றது அந்தப் பக்கக் குரல். பம்பை எடுத்து வைக்கச் சொல்லுங்க, வந்துட்டேன் என்றேன்.

படியில் இறங்கும்போதுதான், பாதிப் படியில், கால் நின்றது. எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேனே… லாக்டேட் எவ்வளவு என்று கேட்டேனா? கை சில்லென்று இருக்கிறதா என்று கேட்டேனா? கேட்கவில்லை. குரலைக் கேட்டதும், எண்பத்தைந்து என்றதும், பேசறார் என்றதும் வாய் தானாகச் சொல்லிவிட்டது, பெரியவருக்குச் சாயங்காலம் எப்படியோ அப்படி எனக்கு இப்பவே. நான் இன்னும் அந்த மனிதரைப் பார்க்கக்கூட இல்லை. போனில் கூப்பிட்டு, பம்பை எடுத்து மட்டும் வைங்க, உறையைப் பிரிக்காதீங்க, நான் பார்த்துட்டுச் சொல்றேன் என்றேன். மனம் இன்னும் நிறைவாகத்தான் இருந்தது, அதை அடக்கத் தெரியவில்லை, அது நல்லதா என்றும் தெரியவில்லை. அவசரப் பிரிவின் திரையை விலக்கினேன், அவர் என்னைப் பார்த்து வணக்கம் சொல்லிக் கையை நீட்டினார், பற்றிக்கொண்டேன், சூடா சில்லிப்பா ஒன்றும் தெரியவில்லை, ஐம்பத்திரண்டு நிமிடம் அழுத்தியதில் என் வலது கை மரத்துப்போயிருந்தது, ஒரு நிமிஷம் சார் என்று சொல்லிவிட்டு, கையை மாற்றினேன்.